சேவல் கொண்டையிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை: ஒரு ஹார்மோனை அளந்த கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சங்கடமான விஷயம் என்று யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம். குறிப்பாகக் கல்யாணமான பையன்கள் கடைசி வரை படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, தூங்கிட்டீங்களா?" என்றான். குரலே சரியில்லை. அவனுக்கு 34 வயது. சொந்தமாக செல்போன் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. யாரோ சொன்னார்கள் என்று உடம்பு முழுக்கப் பார்க்கும் பேக்கேஜ் ஒன்றில் ரத்தம் கொடுத்திருக்கிறான். ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் 248 என்று வந்து, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'குறைவு' என்று போட்டிருந்தது. ஒரு கிளினிக்கில் காட்டியதற்கு, "ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்" என்றார்களாம். மறுநாள் காலை முதல் ஊசி.

"நான் ஆம்பளையே இல்லையா மாமா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவன். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தைப் படம் வரைந்து பாகம் குறித்து எத்தனை முறை நடத்தியிருப்பேன்! ஆனால் அந்தச் சுரப்பு நீரை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "ஊசியை ஒரு வாரம் தள்ளிப் போடு, முதலில் ஹார்மோன் மருத்துவரைப் பார்" என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததை அவன் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

கதை சேவலில் தொடங்குகிறது.

1849. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரம். அர்னால்டு பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டார். காயடித்த சேவல் கூவாது, சண்டை போடாது, கொண்டை வெளுத்துச் சுருங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெர்த்தோல்டு, காயடித்த சில சேவல்களின் வயிற்றுக்குள் ஒரு விரையை வைத்துத் தைத்தார். அந்தச் சேவல்கள் வழக்கம்போலக் கூவின, சண்டை போட்டன, கொண்டையும் சிவந்து நிமிர்ந்தது. பிறகு அறுத்துப் பார்த்தபோது, வைத்த விரைக்குப் புதிதாக ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. அப்படியானால் விரையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது என்று முடிவு கட்டினார். 'ஹார்மோன்' என்ற சொல்லே அப்போது கிடையாது. லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அந்தச் சொல்லைச் சொன்னது 1905இல்.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1889இல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற புகழ்பெற்ற மருத்துவ அறிஞர், தன் 72ஆம் வயதில், நாய், கினி எலி ஆகியவற்றின் விரைகளை நசுக்கி எடுத்த சாற்றைத் தனக்குத்தானே ஊசியாகப் போட்டுக்கொண்டார். மாடிப்படி ஏற முடிகிறது, இரவு வெகுநேரம் உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிறது என்று மேடையில் அறிவித்தார். உலகம் முழுக்க அந்த ஊசிக்குக் கூட்டம் அலைமோதியது. பிற்காலத்தில் பார்த்தால், அந்த நீர்ச்சாற்றில் ஹார்மோன் இருந்திருக்கவே வழியில்லை. அவர் உணர்ந்த தெம்பு மனது கொடுத்த தெம்பு. ஆண்மை என்று சொல்லி ஊசி விற்கும் வியாபாரத்துக்கு அன்றைக்கே ஆள் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கப் பட்ட பாடு பெரும்பாடு. 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோக், லெமுவல் மெக்கீ என்ற இருவர், சுமார் 18 கிலோ காளை விரைகளிலிருந்து 20 மில்லிகிராம் சாரம் எடுத்தார்கள். 1931இல் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்ட், போலீஸ்காரர்களின் சிறுநீரை 15,000 லிட்டர் சேர்த்து, அதிலிருந்து 15 மில்லிகிராம் எடுத்தார். அது ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற உறவுக்காரப் பொருள். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்னஸ்ட் லக்கூர் குழுவினர் 100 கிலோ காளை விரையிலிருந்து வெறும் 10 மில்லிகிராம் தூய படிகம் எடுத்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் பூட்டனாண்டும், சுவிட்சர்லாந்தில் ருசிக்காவும் கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ராலிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்தே காட்டினார்கள். இருவருக்கும் 1939இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நாஜி அரசு வாங்கவிடாததால் பூட்டனாண்ட் பத்து வருஷம் கழித்துத்தான் அதைப் பெற்றார்.

இந்தக் காலத்தில் எல்லாம் ஹார்மோனை அளக்க என்ன கருவி தெரியுமா? சேவல் கொண்டைதான். காயடித்த சேவலுக்கு மருந்தைக் கொடுத்து, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அளப்பார்கள். மனித ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனை அளக்க வழியே இல்லை. ஏனென்றால் அளவு அவ்வளவு குறைவு. என் மருமகனின் ரிப்போர்ட்டில் இருந்த 248 என்பது, ஒரு டெசிலிட்டர் ரத்த நீரில் 248 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்தப் பூட்டைத் திறந்தவர் ஒரு பெண்மணி. பெயர் ரோசலின் யாலோ, இயற்பியல் படித்தவர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து வேலை பார்த்தார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களின் ரத்தத்தில் இன்சுலினைப் பிடித்துவைக்கும் எதிர்ப்புப் புரதம் இருப்பதை 1950களில் கண்டுபிடித்தார்கள். கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பின. தலைப்பில் சொல்லை மாற்றிய பிறகே 1956இல் அச்சேறியது. அந்தப் பிடித்துவைக்கும் குணத்தையே தராசாக மாற்றி, கதிரியக்க அணுவை அடையாளமாக வைத்து, மிக நுண்ணிய அளவையும் அளக்கும் முறையை உருவாக்கினார்கள். காப்புரிமை வாங்கிப் பணம் சேர்க்கவில்லை, ஊருக்கே கொடுத்தார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை. 1972இலேயே இறந்துவிட்டார். இதழ் திருப்பி அனுப்பிய கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து நோபல் உரையில் எடுத்துக் காட்டினார். ஒரு தேர்வில் தோற்றதும் துவண்டுபோகும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

1970 வாக்கில் டெஸ்டோஸ்டிரோனையும் இந்த வழியில் அளக்க முடிந்தது. ஆனால் அதற்குள் வேறொரு சிக்கல் தலைதூக்கியிருந்தது. நம் கதையின் முக்கியமான இடம் இதுதான்.

முதலில் அது தைராய்டில் தெரிந்தது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் அளவு கூடுதலாக வரும். ஆனால் அவர்களுக்குப் படபடப்போ இளைப்போ இருக்காது. அளவு கூடியும் விளைவு இல்லையே, ஏன்? ஹார்மோனின் பெரும்பகுதி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒட்டாமல் தனியாக இருக்கும் துளிதான் வேலை செய்கிறது என்று 1957இல் ராபின்ஸ், ரால் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இன்று நம் வீட்டுப் பெண்கள் பார்க்கும் 'ஃப்ரீ டி4' என்ற சோதனைக்கு வேர் அங்கேதான்.

டெஸ்டோஸ்டிரோனுக்கும் அப்படி ஒரு புரதம் இருப்பது 1960களின் நடுவில் தெரிந்தது. பிரான்சில் பொலியூ குழுவினர் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம் என்று சொன்னார்கள். அதே சமயம் அமெரிக்காவில் ரோசன்பாம் குழுவினர் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதம் என்று சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அதனால்தான் அதற்குப் 'பாலின ஹார்மோன் பிணைக்கும் குளோபுலின்' என்று பொதுப்பெயர். சுருக்கமாக எஸ்.எச்.பி.ஜி. அதைத் தயாரிப்பது கல்லீரல். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அது ஏராளமாக இருக்கும். ஒரு விநோதம் பாருங்கள்: 1960களின் கடைசியில் சில ஆய்வகங்கள் கர்ப்பிணிகளின் ரத்த நீரை வாங்கி, அதிலிருந்த இந்தப் புரதத்தையே டெஸ்டோஸ்டிரோனை அளக்கும் தராசாகப் பயன்படுத்தின!

இதைச் சம்பளக் கணக்கில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். ரத்தத்தில் இருக்கும் மொத்த டெஸ்டோஸ்டிரோன் நம் மொத்தச் சம்பளம். அதில் எஸ்.எச்.பி.ஜி.யில் ஒட்டியிருப்பது பி.எஃப். பிடித்தம், அவசரத்துக்குக் கையில் வராது. ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தில் லேசாக ஒட்டியிருப்பது வங்கி சேமிப்புக் கணக்கு, வேண்டும்போது எடுக்கலாம். எதிலும் ஒட்டாமல் இருப்பது சட்டைப்பையில் இருக்கும் காசு. சாதாரண ஆணுக்கு அது நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவுதான். செல்லுக்குள் போய் வேலை செய்வது அந்தச் சட்டைப்பைக் காசும், தேவைப்பட்டால் சேமிப்பிலிருந்து வருவதும்.

சாதாரண லேப் ரிப்போர்ட்டில் வருவது மொத்தச் சம்பளம் மட்டும். பிடித்தம் எவ்வளவு என்று தெரியாமல் கைக்கு எவ்வளவு வருகிறது என்று சொல்ல முடியுமா?

இதற்கு வாழ்நாள் முழுக்க விடை தேடியவர் பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் வெர்மூலன். வயதாக ஆக எஸ்.எச்.பி.ஜி. கூடுகிறது, அதனால் முதியவர்களுக்கு மொத்த அளவை விட ஒட்டாத அளவு வேகமாகக் குறைகிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே காட்டினார். 1999இல் மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் ஆகிய மூன்றையும் வைத்து ஒட்டாத அளவைக் கணக்கிடும் முறையைத் தன் சகாக்களோடு சோதித்து வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

நானும் பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு மொத்தம் 300, எஸ்.எச்.பி.ஜி. 15. இன்னொருவருக்கு மொத்தம் 600, எஸ்.எச்.பி.ஜி. 100. ஆல்புமின் இருவருக்கும் ஒரே அளவு. சிவப்பு எழுத்து வரும் நிலையில் இருப்பவர் முதல் ஆள். ஆனால் ஒட்டாத டெஸ்டோஸ்டிரோன் முதல் ஆளுக்கு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 86 பிக்கோகிராம், இரண்டாம் ஆளுக்கு 56தான். மொத்தச் சம்பளம் இரண்டு மடங்கு வாங்குகிறவர் கையில் குறைவாக எடுத்துக்கொண்டு போகிறார்!

எஸ்.எச்.பி.ஜி. ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? உடல் பருமன், இரண்டாம் வகை சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, சிறுநீரில் புரதம் போகும் நோய், ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை அதைக் குறைக்கும். முதுமை, கல்லீரல் சுருக்கம், தைராய்டு மிகுதி, கருத்தடை மாத்திரை, வலிப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவை அதைக் கூட்டும். மூளை கவனிப்பது சட்டைப்பைக் காசைத்தான். பிடித்தம் குறைந்தால், குறைந்த மொத்தச் சம்பளமே போதும் என்று உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் குண்டான பையன்களுக்கு மொத்தம் குறைவாக வந்தும், வேலை செய்யும் அளவு சரியாகவே இருக்கலாம். பருமன் மிக அதிகமானால் ஒட்டாத அளவும் குறையும், அது வேறு.

பெண் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பலருக்கு எஸ்.எச்.பி.ஜி. குறைவு. மொத்த டெஸ்டோஸ்டிரோன் சாதாரணம் என்று ரிப்போர்ட் வரும். முகத்திலோ முடி வளர்ந்துகொண்டிருக்கும். "ரிப்போர்ட் நார்மல், எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்வார்கள். பிரமை இல்லை, பிடித்தம் குறைந்ததால் கையில் கூடுதலாக இருக்கிறது. போதாக்குறைக்குப் பெண்களின் அளவு மிகக் குறைவு என்பதால் சாதாரண இயந்திரங்கள் அதைச் சரியாக அளப்பதும் கஷ்டம். இந்த அளவீடு குத்துமதிப்பை விட மேலானதுதானா என்று 2003இலேயே மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றின் தலையங்கம் கேட்டது.

இயந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் ஈதர் போன்ற கரைப்பானால் ஹார்மோனைப் புரதத்திலிருந்து பிரித்தெடுத்துவிட்டுத்தான் அளப்பார்கள். இப்போது வேகத்துக்காகப் பல இயந்திரங்கள் அந்தப் படியை விட்டுவிட்டு, ஒரு வேதிப்பொருளைக் கலந்து ஒட்டியதை உதறச் செய்கின்றன. எஸ்.எச்.பி.ஜி. மிக அதிகமாக இருந்தால் முழுதும் உதறாமல் மொத்த அளவே தவறிப்போகலாம். 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று நேரடியாக அளந்து கொடுக்கும் மலிவான சோதனைகளையும் வல்லுநர்கள் நம்புவதில்லை. சவ்வு வழியே ஒட்டாததைப் பிரித்து அளக்கும் முறை சிறந்தது. அது இல்லாவிட்டால் வெர்மூலன் கணக்கு.

இப்போது மருமகனிடம் வருவோம். அவன் பார்த்த ஹார்மோன் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?" கடையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுத்திருக்கிறான். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். மறுபடி காலை வெறும் வயிற்றில் எடுத்தபோது 290 வந்தது. எஸ்.எச்.பி.ஜி. 13. கணக்குப் போட்டால் ஒட்டாத அளவு வரம்புக்குள் இருக்கிறது. அவன் எடை அப்போது 98 கிலோ.

அவர் அடுத்து சொன்னதுதான் என்னை உலுக்கியது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், ரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று மூளை விரைக்குச் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் போட்டதில் பாதிக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். குழந்தை வேண்டும் என்று போனவனுக்குக் குழந்தை பிறக்காமல் தடுக்கும் ஊசி! ஒரு ராத்திரி போன் வந்திருக்காவிட்டால் போட்டிருப்பான்.

ஆகவே பிள்ளைகளே, கரும்பலகையில் எழுதிப் போடுவதுபோல எழுதுகிறேன்:

1. ரத்தம் காலையில், வெறும் வயிற்றில் கொடுங்கள். குறைவு என்று வந்தால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள்.

2. மொத்த அளவு வரம்பின் ஓரத்தில் இருந்தாலோ, பருமன், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் கோளாறு இருந்தாலோ எஸ்.எச்.பி.ஜி.யும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

3. எண்ணை மட்டும் வைத்து வைத்தியம் இல்லை. உடம்பில் அறிகுறி இருக்கிறதா என்பதும் சேர்ந்ததே முடிவு.

4. குழந்தை வேண்டும் என்றால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும், அருகில் குழந்தைக்குத் திட்டமிடும் ஆண்களுக்கு இந்த ஊசி வேண்டாம் என்றே சொல்கிறது.

5. ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் என் பதிவைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். உண்மையாகவே தேவைப்படுபவர்களுக்கு அது நல்ல மருந்து. மருத்துவரிடம் பேசுங்கள்.

மருமகனுக்கு இன்னும் குழந்தை இல்லை. ஊசி போடவில்லை. இதுவரை ஏழு கிலோ குறைத்திருக்கிறான். புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து முறையாகப் பரிசோதனைக்குப் போகிறார்கள். முன்பு அந்தப் பெண்ணை மட்டும்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்கு இந்த வரி பிடிக்காது. பரவாயில்லை.

எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. எத்தனையோ பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையில் மொத்த மதிப்பெண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை எதிலெல்லாம் பிடிபட்டுக் கிடந்தான், வீட்டில் என்ன நடந்தது என்று எல்லா நேரமும் கேட்டவன் இல்லை. அன்றிரவு மருமகன் குரலைக் கேட்டபோது சிலருடைய முகங்கள் ஞாபகம் வந்தன. அவர்களில் யாராவது இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.

இந்த விஷயத்தில் யாருக்காவது பேச வேண்டும் என்றால் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். போன் செய்யுங்கள். பத்தரை மணி ஆனாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்